வெறும் வயிற்றோடு ஒன்சென்னில் இறங்கிய இரவு

போன மே மாதம் டோக்கியோவில் இருக்கும் என் கல்லூரித் தோழியைப் பார்க்கப் போயிருந்தேன். மொத்தம் 12 நாள். அதில் பத்து நாள் வாழ்நாள் முழுக்க மறக்காத அளவுக்கு நன்றாகப் போனது. ஒரே ஒரு இரவு மட்டும், குசாட்சு என்ற மலை ஊரில், பாஷை தெரியாத இடத்தில், ஒன்சென் என்ற வெந்நீர் ஊற்றுக் குளத்தின் ஓரத்தில் உடம்பில் ஒட்டுத் துணி இல்லாமல் மயங்கி விழுந்து கிடந்தேன். கிளம்புவதற்கு முன் எத்தனையோ காணொளிகள் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஆவி பறக்கும் குளம், அழகாக அடுக்கிய சின்னச் சின்னத் தட்டுகள், யுகாதா அணிந்த சிரித்த முகங்கள். இந்த மாதிரியும் ஆகலாம் என்று ஒருவராவது சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேன். அதனால்தான் வெட்கத்தை விட்டு முழுவதையும் எழுதுகிறேன்.

முதலில் சாப்பாடு, ஏனென்றால் என் கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது. நான் சைவம். முட்டை, பால் சாப்பிடுவேன், மீனும் இறைச்சியும் கிடையாது. தோழி எல்லாம் சாப்பிடுவாள். அவள் வீடு நிஷி கசாய் பக்கம், நம் நாட்டுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் இடம், துவரம் பருப்பும் கறிவேப்பிலையும் நடந்து போய் வாங்கலாம். ஆனால் நான் அங்கே போய் சாம்பார் சாப்பிடுவதில் என்ன இருக்கிறது? ஜப்பான் சாப்பாட்டை ருசி பார்க்க வேண்டும் என்று ஆசையாகப் போனேன். முதல் நாளே அவள் சொன்னாள், "இங்க மீனைப் பாத்து ஒதுக்குறது சுலபம்டி, மீன் சாறுதான் கண்ணுக்கே தெரியாது." அவள் சொன்னது தாஷியை. காய்ந்த போனிட்டோ மீனைச் சீவி, கொம்பு என்ற கடல்பாசியோடு சேர்த்து இறக்கும் சாறு அது. நம் வீட்டில் புளித்தண்ணீர் எப்படியோ அப்படி, அங்கே எல்லாவற்றுக்கும் அடி அதுதான். மிசோ சூப்பில் இருக்கும், சோபா நூடுல்ஸைத் தொட்டுக்கொள்ளும் சாற்றில் இருக்கும், காய்கறி வேகவைத்த தண்ணீரில் இருக்கும், சுருட்டிய முட்டை ஆம்லெட்டில்கூட இருக்கும். உணவகத்தில் "இறைச்சி இல்லாமல்" என்று கேட்டால் இறைச்சி இல்லாமல் கொடுப்பார்கள், தாஷி அவர்கள் கணக்கில் இறைச்சி இல்லை. பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை, கேள்வி வேறு மாதிரிப் போய்ச் சேர்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு அவள் செய்து கொடுத்த உபாயம் ஒரு சின்ன அட்டை. இறைச்சி, மீன், கடல் உணவு, மீன் சாறு, மீன் துருவல் எதுவும் வேண்டாம், முட்டையும் பாலும் சரி, கொம்புச் சாறும் ஷியிதாகே காளான் சாறும் சரி என்று ஜப்பானிய மொழியில் எழுதி கைப்பையில் வைத்துவிட்டாள். கடைசி வரியில், அதாவது எது வேண்டாம் என்பதோடு எது சரி என்பதையும் எழுதியதில்தான் விஷயம் இருக்கிறது. சமைப்பவருக்கு ஒரு வழி தெரிகிறது. அந்த அட்டையை வைத்து நான் என்னென்னவோ சாப்பிட்டேன். வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய கப்பாமாகி, சாற்றுக்குப் பதில் உப்பு தொட்டுச் சாப்பிட்ட, காய்கறியை மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புரா, ஊறுகாய் உமெபோஷி வைத்த ஒனிகிரி என்ற சோற்றுருண்டை. உமெபோஷியின் புளிப்பும் உப்பும் நாக்கில் பட்டதும் எனக்கு நம் ஊர் நார்த்தங்காய் ஊறுகாய்தான் ஞாபகம் வந்தது. ஒருநாள் புத்த மடங்களின் சைவச் சமையலான ஷோஜின் ரியோரி பரிமாறும் இடத்துக்கு அழைத்துப் போனாள். எள்ளை அரைத்து குட்சு என்ற கிழங்கு மாவோடு கிண்டிக் கட்டியாக்கிய கோமாதோபு என்று ஒன்று கொடுத்தார்கள், வாயில் வைத்ததும் கரைந்தது, பூண்டு வெங்காயம் எதுவும் இல்லாமல் இவ்வளவு ருசி வருமா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். இனிப்புக்குக் கவலையே இல்லை, பாரம்பரிய இனிப்புகளில் பெரும்பாலும் பயறு, அரிசி மாவு, கடல்பாசிதான். புட்டிங், ஜெல்லி வகையில் மட்டும் ஜெலட்டின் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் நன்றாகப் போனதால்தான் எனக்குத் தைரியம் கூடிவிட்டது. குசாட்சுவுக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போவதாகத் திட்டம். குன்மா மாகாணத்தில் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், ஜப்பானின் பேர்பெற்ற ஒன்சென் ஊர்களில் ஒன்று. நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கும் மேல் வெந்நீர் தானாகவே ஊறி வருகிறது. தோழி ரியோகான் என்ற ஜப்பானியப் பாரம்பரிய விடுதி ஒன்றில் இரண்டு வேளைச் சாப்பாட்டோடு அறை பிடித்திருந்தாள், ஒருவருக்கு 23,000 யென். அப்போது ஒரு யென் ஏறக்குறைய 58 பைசா, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும் அன்று காலை அவள் பிள்ளைக்கு 102 டிகிரி காய்ச்சல். அன்றைக்கு ரத்து செய்தால் முழுப் பணமும் போய்விடும். "நீயாவது போயிட்டு வாடி, ரெண்டு பேர் காசும் வீணாப் போக வேணாம்" என்றாள். எனக்கும் போக ஆசை. அவள் பதற்றத்தில் இருந்ததால் சாப்பாடு பற்றி ரியோகானுக்குச் சொல்லியாயிற்றா என்று நான் கேட்கவில்லை. அவள் இரண்டு நாள் முன்னால் போன் செய்து சொல்லலாம் என்று வைத்திருந்து, பிள்ளை உடம்பு சரியில்லாமல் போனதில் மறந்துவிட்டிருக்கிறாள். குற்றம் யார் மேலும் இல்லை. ஆனால் இதில் நான் கற்றது: நம்மை உபசரிக்கிறவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும், நம் வயிற்றுக்கும் உடம்புக்கும் வேண்டியதை நாமே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அவர்களுக்கு வீடு, வேலை, பிள்ளை என்று நூறு இருக்கும்.

உவெனோ நிலையத்தில் குசாட்சு-ஷிமா விரைவு ரயிலைப் பிடிக்க வேண்டும். நாகனோஹாரா-குசாட்சுகுச்சி வரை இரண்டரை மணி நேரம், அங்கிருந்து பேருந்தில் 25 நிமிடம். நாளுக்கு ஒரு சில ரயில்தான். நான் மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தேன், ரயில் கீழ்த்தள நடைமேடையிலிருந்து கிளம்பிப் போய்விட்டது. உவெனோ அவ்வளவு பெரிய நிலையம் என்று தெரிந்தும் பதினைந்து நிமிடம் முன்னால்தான் போனேன், ஒரு மணி நேரம் முன்னால் போயிருக்க வேண்டும். அப்புறம் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் தகாசாகி வரை போய், அங்கே உள்ளூர் ரயிலுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்து, ஊர் போய்ச் சேரும்போது மாலை ஆறே முக்கால். கூடுதலாகக் கிட்டத்தட்ட 5,000 யென் செலவு. மதியச் சாப்பாடும் போயிற்று, வழியில் ஒரே ஒரு ஒனிகிரி. தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை, ரயிலை விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் எதுவும் தோன்றவில்லை.

ரியோகானில் இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கு. சாதாரண ஓட்டல் மாதிரி நினைத்த நேரத்தில் போய்ச் சாப்பிட முடியாது, ஒவ்வொருவருக்கும் நேரம் குறித்துச் சமைத்து வரிசையாகக் கொண்டுவருவார்கள். தாமதமாகும் என்றால் போன் செய்து சொல்ல வேண்டும், அதை நான் செய்யவில்லை. நான் போனபோது நிர்வாகி அம்மாள் வாசலிலேயே கவலையோடு காத்திருந்தார். அவசரமாக உட்காரவைத்தார்கள். தட்டுகள் வந்தன. சஷிமி என்ற பச்சை மீன் துண்டுகள். முழுசாகச் சுட்ட ஆற்று மீன். எரியும் மெழுகுத் துண்டு மேல் கொதிக்கும் சின்னப் பாத்திரத்தில் மாட்டிறைச்சி. மூடியைத் திறந்தால் சாவன்முஷி என்ற ஆவியில் வேகவைத்த முட்டை, அதிலும் மீன் சாறு, உள்ளே இறால். சூடான தோஃபுவின் மேல் தூவியிருந்த மீன் துருவல் ஆவியில் உயிருள்ளது போல அசைந்துகொண்டிருந்தது. அட்டையை எடுத்து நீட்டினேன். அந்த அம்மாளின் முகம் வாடிப்போனதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. கைபேசி மொழிபெயர்ப்பில் காட்டினார்: "மிகவும் வருந்துகிறேன், இரண்டு நாள் முன்பு தெரிந்திருந்தால் செய்திருப்போம்." சமையல்காரர் ஒருவர்தான், கொம்புச் சாறு தனியாக இறக்க நேரமில்லை. வெறும் சோறு, உமெபோஷி, நோரி என்ற கடல்பாசித் தாள் கொண்டுவந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பசியால் இல்லை, அவ்வளவு அழகாகச் செய்த சாப்பாட்டை வீணாக்கிவிட்டோமே என்றுதான். அந்த வருத்தத்தில் சோற்றையும் பாதியில் வைத்துவிட்டேன். மெத்தையை விரித்துப் படுத்திருந்தால்கூடத் தப்பித்திருப்பேன்.

ஆனால் இவ்வளவு தூரம் வந்தது வெந்நீருக்குத்தானே, அதையாவது நன்றாக அனுபவிப்போம் என்று ஒன்பதரை மணிக்குக் குளிக்கும் இடத்துக்குப் போனேன். இங்கே கூச்சத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், நிறையப் பெண்கள் இதனாலேயே போகாமல் திரும்புகிறார்கள். நாம் குற்றாலத்தில் அருவியில் நின்றாலும் சேலையோடோ சுடிதாரோடோதான் நிற்போம். இங்கே நீச்சலுடைகூடக் கூடாது. பெண்களுக்குத் தனி, ஆண்களுக்குத் தனி. சில விடுதிகளில் இரவு பெண்களுக்கு இருந்த குளம் காலையில் ஆண்களுக்கு மாறிவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் வாசல் திரையில் உள்ள எழுத்தைப் பாருங்கள், அந்த இரண்டு எழுத்தையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்து, நுரை இல்லாமல் கழுவிவிட்டுத்தான் குளத்தில் இறங்க வேண்டும். தலைமுடி தண்ணீரில் படக்கூடாது. கையில் கொண்டுபோகும் சின்னத் துண்டும் தண்ணீரில் படக்கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். எனக்கு முதல் ஐந்து நிமிடம் உயிர் போய்விடும் போல இருந்தது. ஆனால் உண்மையாகச் சொல்கிறேன், அங்கே யாரும் யாரையும் பார்ப்பதே இல்லை. பிள்ளை பெற்ற வயிறு, அறுவைத் தழும்பு, எழுபது வயதுத் தோல், எல்லாம் அப்படியே இருந்தது. ஆறாவது நிமிடம் என் தோள் தானாக இறங்கியது. என் உடம்பை மறைக்காமல் இன்னொரு மனுஷி முன்னால் நின்றது அதுதான் முதல் தடவை, அந்த விடுதலையை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அங்கே இரண்டு தொட்டிகள் இருந்தன. மேலே பலகையில் எழுதியிருந்தது எனக்குப் படிக்கத் தெரியவில்லை. ஒன்று அட்சுயு, சூடான தண்ணீர். மற்றது நுருயு, மிதமான தண்ணீர். நான் இறங்கியது அட்சுயுவில். பொதுவாக ஒன்சென் தொட்டிகள் 40 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்கும், அது அதைவிடச் சூடு. குசாட்சு தண்ணீர் ஊற்றிலிருந்து வரும்போதே கொதிப்பாக வரும், பச்சைத்தண்ணீர் கலந்தால் குணம் போய்விடும் என்று கலக்க மாட்டார்கள். மரப் பலகையால் கிளறி ஆற்றும் யுமோமி என்ற வழக்கமே அதற்காக வந்ததுதான். இறங்கியதும் சுரீரென்றது, கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது. வெளியே மலைக்குளிர், உள்ளே வெந்நீர், நாள் பூராவும் பட்ட அலைச்சல் கரைந்து போவது போல சுகமாக இருந்தது. இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து நின்றேன். காதில் ஒரு இரைச்சல், கண் ஓரத்திலிருந்து இருட்டு உள்ளே வந்தது. அவ்வளவுதான் தெரியும்.

கண் விழித்தபோது ஒரு பாட்டி என் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். மேலே பெரிய துண்டு போர்த்தியிருந்தது. இன்னொரு பெண் என் காலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பாட்டி என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் என் அம்மா பேசுவது மாதிரியே இருந்தது. வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது, விழும்போது கையை ஊன்றியிருக்கிறேன். தலை தரையில் மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு முழுக்க நினைத்து நினைத்து நடுங்கினேன். தோழிக்குப் போன் செய்யவும் மனம் வரவில்லை, அவள் அங்கே பிள்ளைக்குத் துணி நனைத்துப் போட்டுக்கொண்டிருப்பாள்.

மறுநாள் காலை விடுதிக்காரர்களே ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். எலும்பு முறியவில்லை, சுளுக்கு. எக்ஸ்ரே, கட்டு, மாத்திரை எல்லாம் சேர்த்து 27,000 யென், கிட்டத்தட்ட 15,700 ரூபாய். மருத்துவர் பொறுமையாகக் காரணத்தை விளக்கினார். வெந்நீரில் ரத்தக்குழாய்கள் விரிந்துவிடுகின்றன. உட்கார்ந்திருக்கும்வரை தண்ணீரின் அழுத்தம் காலைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும். சட்டென்று எழுந்தால் அந்தப் பிடி போய், ரத்தம் காலுக்கு இறங்கி, மூளைக்குப் போவது குறைந்துவிடும். சாப்பிடாமலும் தண்ணீர் குடிக்காமலும் இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும், மது குடித்திருந்தாலும் வரும். ஆகவே இறங்குவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர், வயிற்றில் கொஞ்சம் ஆகாரம், அதற்காக வயிறு முட்டச் சாப்பிட்ட உடனேயும் கூடாது. இறங்கும் முன் காலில் தொடங்கி மேலே வரை சின்ன வாளியால் தண்ணீரை ஊற்றிக்கொள்ள வேண்டும். முதல் தடவை ஐந்து நிமிடம் போதும், வெளியே வந்து ஆறிவிட்டு மறுபடி இறங்கலாம். எழும்போது முதலில் விளிம்பில் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்து மெதுவாக எழ வேண்டும். இவ்வளவுதான். யாராவது முன்னால் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும் பேச்சு. ரத்த அழுத்தம், இதய நோய் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் நம் ஊர் மருத்துவரிடமே கேட்டுவிட்டுப் போங்கள்.

பயணக் காப்பீடு எடுத்திருந்தேன், ஆனாலும் ஒரு ரூபாய் திரும்ப வரவில்லை. ரசீதை மட்டும் வாங்கி வந்தேன். என்ன நோய், என்ன சிகிச்சை என்று ஆங்கிலத்தில் மருத்துவர் கையெழுத்திட்ட சான்று வேண்டும் என்று இங்கே வந்த பிறகு காப்பீட்டு நிறுவனம் கேட்டது. அதை அங்கேயே, அன்றே, தனிக் கட்டணம் கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். மருத்துவமனைக்குள் நுழையும் முன்பே காப்பீட்டின் உதவி எண்ணுக்குப் பேசி, என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் ஆம்புலன்ஸுக்கு 119, அந்த வண்டிக்குக் காசு இல்லை, மருத்துவமனைக்குத்தான். ஜப்பானின் தேசிய சுற்றுலா அமைப்பு 24 மணி நேரமும் ஆங்கிலத்தில் பேசும் உதவி எண் ஒன்றும் வைத்திருக்கிறது, கிளம்பும் முன் அதைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நஷ்டம் காலையில்தான் கண்ணில் பட்டது. என் வெள்ளிக் கொலுசும் மெட்டியும் கரிக்கட்டை மாதிரிக் கறுத்துவிட்டன. குசாட்சு தண்ணீரில் கந்தகம் உண்டு, அமிலமும் அதிகம், பிஎச் அளவு 2 பக்கம். அந்த ஊர் ஆற்றில் மீன் வாழ முடியாது, இரும்பும் சிமெண்டும் அரித்துப் போகும் என்று 1964 முதல் இரவு பகலாகச் சுண்ணாம்பு கரைத்து விடுகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்படிப்பட்ட தண்ணீரில் கொலுசோடு இறங்கியிருக்கிறேன். ஊருக்கு வந்து மெருகு போட்டதில் கொலுசு சரியானது, கல் வைத்த மெட்டி பழைய நிறத்துக்கு வரவில்லை, அது என் கல்யாண மெட்டி. நகைகளை அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் கந்தகம் இல்லாத ஒன்சென் ஊரைத் தேர்ந்தெடுங்கள், தண்ணீரின் வகை ஒவ்வொரு விடுதியிலும் எழுதிப் போட்டிருக்கும். இந்தத் தண்ணீர் கண்ணில் பட்டால் எரியும், சிராய்ப்பு இருந்தால் இன்னும் எரியும், மென்மையான தோல் என்றால் கடைசியில் நல்ல தண்ணீரில் அலசிவிடுவது நல்லது.

அன்று மதியம் தோழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கணவரை வீட்டில் விட்டுவிட்டு அடுத்த ரயிலில் வந்துவிட்டாள், என்னைக் கட்டிக்கொண்டு "ஏன்டி ராத்திரியே சொல்லல" என்று அழுதாள். ஊர் நடுவே யுபாதகே என்று ஒரு இடம், மரக் கால்வாய்களில் வெந்நீர் ஓடி ஆறி, பச்சையும் மஞ்சளுமாகப் படிந்து கீழே அருவியாக விழும். பக்கத்திலேயே காலை மட்டும் நனைக்கும் இலவசத் தொட்டி. அதில் காலை விட்டுக்கொண்டு, பயறுப் பூரணம் வைத்த சூடான மஞ்ஜு சாப்பிட்டபடி இரண்டு பேரும் இருட்டும் வரை பேசிக்கொண்டிருந்தோம். இன்னொரு இரவு ஒரு சின்ன விடுதியில் தங்கினோம். முன்கூட்டியே பேசியதில் அரை மணி நேரத்துக்கு எங்களுக்கு மட்டும் என்று தனிக் குளியலறை கொடுத்தார்கள், கஷிகிரி என்று கேட்க வேண்டும். அதில் இறங்கினேன், கட்டுப் போட்ட கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஐந்தே நிமிடம். அப்புறம் மைதாகே காளான் தெம்புராவும், மலையில் பறித்த இளங்கீரைத் தெம்புராவும் உப்போடு வந்தன. அதுதான் நான் ஜப்பானில் சாப்பிட்டதிலேயே நல்ல சாப்பாடு.

மடியில் வைத்துக்கொண்ட பாட்டியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. காலையில் நான் எழுவதற்குள் அவர் கிளம்பிவிட்டிருந்தார். முதல் விடுதி அம்மாளிடம் தோழியைவிட்டு ஜப்பானிய மொழியில் ஒரு கடிதம் எழுதி, ஊரிலிருந்து கொண்டுபோன எள்ளுருண்டைப் பொட்டலத்தோடு கொடுத்தேன், அந்தப் பாட்டி மறுபடி வந்தால் கொடுக்கச் சொல்லி. அந்த விடுதிக்கே வரும் நவம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறேன். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், மீன் சாறும் வேண்டாம், அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு, நாங்கள் எந்த ரயிலில் வருகிறோம் என்று எல்லாவற்றையும் ஆறு வாரம் முன்னாலேயே எழுதி அனுப்பினேன். போன வாரம் பதில் வந்தது. கொம்புச் சாறில் செய்கிறோம், நுருயு பக்கத்தில் இருக்கும் அறையைத் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரு வரி, எள்ளுருண்டை போய்ச் சேர்ந்துவிட்டது என்று.